மருதியை அழைத்துச் சென்றவர் யார்?

சென்ற கிழமை இத்தொடரில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் பற்றிப் பேசினோம். 1935ல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த அக்கதை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்படும் மருதி என்ற பெண்ணின் கதை. ஒலிபரப்பு முடிந்தபின் அட்டன் பகுதியிலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருந்தார். நீளமான கடிதமல்ல. பாராட்டு ஒரு வரி, கேள்வி ஒரு வரி. "மருதியைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது யார் என்று நீங்கள் சொல்லவேயில்லையே?"

கங்காணி என்று ஒரு சொல்லில் பதில் எழுதியிருக்கலாம். நம் மலையக இலக்கியத்தில் பாதி அந்தப் பதிலைத்தான் தந்திருக்கிறது. மீதிப் பாதி, தோட்டத்துரை என்று சொல்லும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் கங்காணிக்குப் பணம் கொடுத்தது துரை என்றால், துரைக்குக் கொடுத்தது யார்? அந்தப் பணம் எங்கே பிறந்தது? கொழும்பிலா, லண்டனிலா? பணம் இருந்தால் மட்டும் ஒரு காடு தோட்டமாகிவிடுமா? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், நேயரின் கேள்வி பொருளியல் அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக அடித்துக்கொள்ளும் கேள்வியாகிவிடுகிறது. முதலாளித்துவம் என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அது. அதற்கு நம் மலைகளிலேயே விடை தேடிப் பார்ப்போம்.

1867 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் வெளிவந்தது. மூன்றும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனாலும் அந்நூலின் இறுதி அத்தியாயத்தைப் படிக்கும் மலையகத்தவர் யாருக்கும் அது தம் ஊரைப் பற்றியது என்றே தோன்றும்.

அந்த அத்தியாயத்தில் பீல் என்றொரு கனவான் வருகிறார். மேற்கு அவுஸ்திரேலியாவின் சுவான் ஆற்றங்கரைக்கு 50,000 பவுண் பெறுமதியான உணவும் கருவிகளும், அவற்றோடு ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 3,000 தொழிலாளரையும் ஏற்றிச் சென்றாராம். போய் இறங்கியதும், படுக்கை விரிக்கவோ ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வரவோ ஒரு வேலைக்காரன்கூட அவருக்கு மிஞ்சவில்லை. எல்லோரும் தத்தமக்கு நிலம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தக் கணக்கு வேக்ஃபீல்ட் என்ற குடியேற்றவாதச் சிந்தனையாளருடையது. மார்க்ஸ் அதைக் குறும்புச் சிரிப்போடு எடுத்தாள்கிறார். பாவம் பீல், எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றியவர், இங்கிலாந்தின் சமூக உறவை மட்டும் ஏற்ற மறந்துவிட்டார் என்கிறார்.

இதில் அடங்கியிருப்பதுதான் முழு விடயமும். பணம், கருவி, விதை, நிலம் எல்லாம் எந்தக் காலத்திலும் இருந்தன. வணிகமும் வட்டியும் சோழர் காலத்திலேயே இருந்தன. தன் உழைப்பை நாட்கூலிக்கு விற்பதைத் தவிர வேறு வழியில்லாத மனிதன் இருந்தால்தான் பணம் மூலதனமாகிறது. அப்படிப்பட்ட மனிதன் தானாக முளைப்பதில்லை. நிலத்திலிருந்து அவனைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிடித்தன. பொது மேய்ச்சல் நிலங்கள் வேலி போட்டு அடைக்கப்பட்டன, குடியானவர் ஊரை விட்டு விரட்டப்பட்டனர், வேலையின்றி அலைந்தவர்களுக்குச் சட்டம் சவுக்கடி தந்தது. நம் மலைநாட்டில் இது சில பத்தாண்டுகளில், கடல் கடந்து, இரண்டு வெவ்வேறு மக்களைக் கொண்டு நிகழ்ந்தது. ஒரு மக்களிடமிருந்து நிலம் வந்தது. இன்னொரு மக்களிடமிருந்து கைகள் வந்தன.

முதலில் நிலத்தின் கதை.

1815ல் கண்டி வீழ்ந்தது. 1820களின் நடுவில் கம்பளைக்கருகே ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தமக்கே ஒரு கோப்பித் தோட்டம் போட்டுக்கொண்டார். ஏற்றுமதித் தீர்வையை நீக்கியவரும் அவரே. கோப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இராஜகாரியத்திலிருந்து விலக்களித்தவரும் அவரே. ஆளுநரே தோட்டக்காரராக இருக்கும் நாட்டில் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. 1832ல் கோல்புறூக் குழுவின் சிபாரிசுப்படி இராஜகாரியம் முற்றாக ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு போயிற்று, இனி உழைப்பு கூலிக்கு வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

உலகச் சந்தையும் கைகொடுத்தது. 1834ல் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்து, 1838ல் உண்மையாகவே முடிந்தது. அங்கே கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835ல் பிரிட்டன் கிழக்கிந்தியக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் தீர்வையைச் சமமாக்கியது. யமேக்காவில் தொழில் கற்ற ஆர். பி. டைட்லர் 1837ல் இலங்கை வந்து மேற்கிந்திய முறையில் பயிரிடத் தொடங்கினார். இங்குள்ள துரைமார் கைநூலாகக் கொண்டது லாபோரி என்பவர் 1798ல் எழுதிய நூலை. அவர் சென் டொமிங்கோவில் அடிமைகளை வைத்துக் கோப்பி விளைவித்து, அடிமைகளின் புரட்சியால் அங்கிருந்து ஓட நேர்ந்தவர். கன்று நடும் இடைவெளி முதல் அடிமைகளை நடத்தும் முறை வரை எல்லாம் அந்நூலில் உண்டு. தோட்டம் என்ற அமைப்பு எந்தப் பட்டறையில் வார்க்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

1840ல் வந்தது 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குச் சொந்தம் என்று அது அனுமானித்தது. நிரூபிக்க வேண்டியவர் கிராமத்தவர். சன்னஸ் எனும் அரச சாசனமோ வரி செலுத்திய சான்றோ வேண்டும். சேனைப் பயிர் செய்பவன் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து விதைத்துவிட்டு, பல ஆண்டுகள் அதை ஆறவிட்டுத் திரும்புவான். ஊர் மாடு அந்தக் காட்டில் மேயும், ஊர் விறகும் மருந்தும் அங்கிருந்தே வரும். அவனிடம் ஏது சாசனம்? அவன் வழக்கத்தால் வாழ்ந்தவன். சட்டம் காகிதம் கேட்டது.

அந்த 1840ல் அம்பகமுவப் பகுதியில், அதாவது இன்றைய நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் இடைப்பட்ட மலைகளில், சுமார் 13,000 ஏக்கர் விற்கப்பட்டது. ஏக்கர் 5 சிலிங் என்பது அக்கால விலை. வாங்கியோர் பட்டியலைப் பார்த்தால் அரசாங்கச் சேவைப் பட்டியலைப் பார்ப்பது போலிருக்கும். ஆளுநர் ஸ்டுவர்ட் மெக்கென்ஸி அதில் இருக்கிறார். வீதிகள் அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் இருக்கிறார். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837ல் பதிப்பித்த ஜோர்ஜ் டேனர் இருக்கிறார். இந்தத் தீவின் பழம் மன்னர்கள் குளம் கட்டிய கதையை உலகுக்குச் சொன்ன கைதான் காடு வாங்கும் பத்திரத்திலும் ஒப்பமிட்டது. இலக்கிய நேயர்கள் இதை மறக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மெக்கென்ஸியைப் பற்றி ஒரு விடயம். ஸ்கொத்லாந்தின் லூயிஸ் தீவு அவருடைய மனைவி வழிச் சொத்து. ஆட்டுப் பண்ணைகளுக்காக அத்தீவின் குடியானவர்கள் பரம்பரை மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட காலம் அது. 1843ல் அவர் இறந்தார். மறு ஆண்டு அத்தீவை வாங்கியவர் ஜேம்ஸ் மெதீசன், சீனாவில் அபின் விற்றுப் பெரும் பணக்காரரான ஜாடின் மெதீசன் கம்பனியின் பங்காளி. சீனத் தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளாத பிரிட்டனுக்கு, அபின்தான் வெள்ளியாக உதவியது. ஸ்கொத்லாந்துக் குடியானவனும் கண்டிச் சேனைக்காரனும் சீன அபின் பழக்கக்காரனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் ஒரே குடும்பத்தின், ஒரே வட்டத்தின் கணக்கேடுகளில் மூவரும் பக்கம்பக்கமாக வருகிறார்கள். முதலாளித்துவம் ஒரு நாட்டில் பிறந்து மற்ற நாடுகளுக்குப் பரவியது என்று சொல்வது வழக்கம். எனக்கென்னவோ அது பிறக்கும்போதே பல நாடுகளில் கால் வைத்துக்கொண்டுதான் பிறந்தது என்று படுகிறது.

1844ல் காணி விலை ஏக்கருக்கு 20 சிலிங்காக, அதாவது ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. அவுஸ்திரேலியாவில் 1842ல் விதிக்கப்பட்டதும் அதே ஒரு பவுண்தான். வேக்ஃபீல்டின் தத்துவம் இதுவே: ஏழை எளிதில் நிலம் வாங்க முடியாதபடி விலை இருக்கட்டும், அப்போதுதான் அவன் கூலிக்கு வருவான். பீலின் கதையிலிருந்து அவர் கற்ற பாடம் அது.

இலங்கையில் இப்பாடம் பாதிதான் பலித்தது. கண்டிக் கிராமத்தவன் தோட்டத்துக்கு வரவில்லை. காடு வெட்டும் ஒப்பந்த வேலைக்கு வந்தான், வண்டி ஓட்டினான், ஆனால் லயத்தில் குடியிருந்து தினமும் பிரட்டுக்கு நிற்க மறுத்தான். துரைமார் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பல பாடநூல்களில் ஒட்டிக்கொண்டது. உண்மை வேறு. காட்டையும் மேய்ச்சலையும் இழந்தபோதும் அவனிடம் வயல் இருந்தது, வீட்டுத் தோட்டம் இருந்தது. அந்த வீட்டுத் தோட்டத்திலேயே கோப்பி வளர்த்து முஸ்லிம் வியாபாரிகளுக்கு விற்றான். இலங்கையிலிருந்து ஏற்றுமதியான கோப்பியில் கணிசமான பங்கு இந்தக் கிராமக் கோப்பிதான். காசின் அருமை தெரியாதவனல்ல அவன். தன் நாளை விற்கும் அவசியம் அவனுக்கு இல்லை, அவ்வளவே.

அவசியம் உள்ளவர்கள் பாக்குநீரிணைக்கு அப்பால் இருந்தார்கள்.

தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று பல மாவட்டங்களில் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரின் கடனில் கட்டுண்டு கிடந்த மக்கள் அவர்கள். பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். 1843ன் 5ஆம் சட்டம் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியது. ஆனால் நிலம் தரவில்லை. மழை பொய்த்தால் மிராசுதாரும் கைவிடுவார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாக இங்கு வந்தார்கள். ஆகவே, இங்கிலாந்தில் வேலி போட்டு உருவாக்கிய வெறுங்கை மனிதனை, தமிழ்நாட்டில் சாதியும் கடனும் பஞ்சமும் சேர்ந்து ஏற்கெனவே செய்து வைத்திருந்தன. பிரித்தானியர் அதைக் கண்டுபிடித்தார்கள். பிடித்துக்கொண்டார்கள் என்றாலும் சரியே.

கோப்பிக்காலத்தில் வந்தவர்கள் தோணியில் மன்னார் வந்து, அங்கிருந்து வன்னிக் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பழம் பறிக்கும் சில மாதம் வேலை செய்துவிட்டுத் திரும்ப நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழியில் கொன்றவர்கள் எத்தனை பேர் என்று எவரும் சரியாக எண்ணி வைக்கவில்லை. கோப்பிக்கு எத்தனை அந்தர் என்று கணக்கு இருக்கிறது.

இனி கங்காணிக்கு வருவோம். இலக்கியத்தில் மீசையும் தலைப்பாகையும் கைத்தடியுமாக வரும் பாத்திரம் இது. அவனுடைய கொடுமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். அவனுடைய கணக்கைப் பற்றிக் குறைவாகவே படித்திருக்கிறோம்.

கணக்கு இப்படி ஓடும். லண்டன் வங்கி கொழும்பு முகவர் நிறுவனத்துக்குக் கடன் தரும். நிறுவனம் எதிர்கால விளைச்சலின் பேரில் தோட்டத்துக்கு முன்பணம் தரும். தோட்டத்துரை பெரிய கங்காணியிடம் ஆள் பிடிக்க முற்பணம் கொடுப்பார். பெரிய கங்காணி தன் ஊருக்குச் சென்று, தன் உறவினரும் ஊராருமான சில்லறைக் கங்காணிகள் மூலம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பான். மிராசுதாருக்குக் கட்ட வேண்டிய பழைய கடனை அடைக்க ஒரு பகுதி, வழிச்செலவுக்கு ஒரு பகுதி. இந்த முழுத் தொகையும், கங்காணி கூட்டிப் போட்டதையும் சேர்த்து, தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே அவன் கடனாளி. கம்பளி கொடுத்தால் அது கணக்கில் ஏறும். அரிசி கணக்கில் ஏறும். குடும்பத்தில் ஒருவர் இறந்தாலோ ஓடிப்போனாலோ அவர் கடன் எஞ்சியவர் மேல் ஏறுவதுண்டு. இதற்குமேல், தன் ஆட்கள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தோட்டம் தலைக்காசு கொடுத்தது. காய்ச்சல்காரனைக்கூட லயத்திலிருந்து இழுத்துவந்து பிரட்டில் நிறுத்தியதற்கு அவன் இயல்பான குரூரம் மட்டும் காரணமல்ல. அந்தச் சில சதங்களும் காரணம்.

சம்பளம் மாதாமாதம் வந்ததா? 1889ல் ஒரு சட்டம் வந்தது: மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று. அறுபது நாள் தாமதம் ஒரு சீர்திருத்தமாக இருந்தது என்றால், அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே நேரத்தில், 1865ன் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளி குற்றவாளி. மறியற்சாலை உண்டு. துரை சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அது கொடுக்கல் வாங்கல், தொழிலாளி நடந்து போனால் அது குற்றம்.

இந்த இயந்திரத்தின் அச்சாணி ஒரு துண்டுக் கடுதாசி. அதற்குப் பெயரே 'துண்டு'தான். ஆங்கிலச் சட்டங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே ஏறிவிட்டது, தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களில் இப்படியும் ஒன்று. இன்ன கங்காணியும் இத்தனை ஆட்களும் இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவார்கள் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களில் ஏறி இறங்குவான். ஆள் பஞ்சத்தில் இருக்கும் துரை ஒருவர் அந்தக் கடனைக் கட்டி, மேலும் கொஞ்சம் முற்பணமும் கொடுத்து, முழுக் கூட்டத்தையும் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். மேலதிகப் பணம் கங்காணிக்கு. அதன் சுமை ஆட்களுக்கு. தோட்டம் மாறும்போதெல்லாம் கடன் வளரும். லயத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம், விடிந்தால் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வேறு மலைக்கு ஏற வேண்டும் என்பதுதான்.

சந்தையில் விலை வைக்கப்பட்டது மனிதர்கள் அல்ல, அவர்களுடைய கடன். அடிமை முறைக்கும் இதற்குமான வித்தியாசத்தை இந்த இடத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும். அடிமையை வாங்கியவன் அவன் உடலுக்குப் பொறுப்பாளி, அவன் செத்தால் நட்டம். துண்டு வாங்கியவனுக்கு அந்தக் கவலை குறைவு. கடன் உறவினர் மேல் உயிரோடு இருக்குமே!

கோப்பி வீழ்ந்த கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1869ல் மடுல்சீமைப் பக்கத்தில் இலைகளின் அடியில் மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. அதே 1869ல்தான் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பி கிருஷிக் கும்மி' வந்தது, கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மியாகப் பாடும் நூல். கும்மி அச்சேறிய ஆண்டிலேயே கோப்பிக்கு ஒப்பாரியும் தொடங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் மலைகள் மொட்டையாகின. 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. தனி மனிதத் துரைமார் பலர் ஓட்டாண்டியாகி ஊர் திரும்பினர். அதே 1884ல் அட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ரயில் வந்து சேர்ந்தது, இம்முறை தேயிலைக்காக.

தேயிலை வேறு விதமான பயிர். கோப்பி ஆண்டில் ஒரு பருவம். தேயிலைக்கு எட்டு, பத்து நாளுக்கொரு முறை கொழுந்தெடுக்க வேண்டும், ஆண்டு முழுவதும். எனவே வந்து போகும் ஆட்கள் போதாது, குடும்பத்தோடு தங்கும் ஆட்கள் வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும், பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த கூலி. லயம் நிரந்தரமானது இதனால்தான். பறித்த இலையை அன்றே வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, காயவைக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு தோட்டத்திலும் 'ஸ்டோர்' எழுந்தது. பெல்பாஸ்ட் டேவிட்சனின் 'சிறோக்கோ' உலர்த்திகள் மலையேறின. இத்தனை செலவைத் தனி ஆள் தாங்க முடியாது. பவுண் கம்பனிகளும் ரூபாக் கம்பனிகளும் தோட்டங்களை வாங்கின, கொழும்பு முகவர் நிறுவனங்கள் அவற்றை நடத்தின. 1890ல் தோமஸ் லிப்டன் நேரில் வந்து தோட்டங்கள் வாங்கி, தேயிலையை நேராகத் தம் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் பிரிட்டிஷ் தொழிலாளிக்கு மலிவாக விற்றார். அந்த ஆலைத் தொழிலாளி மலிவாகக் குடித்ததால் அவனுடைய கூலியையும் மலிவாக வைத்திருக்க முடிந்தது. மஸ்கெலியாக் கொழுந்துக்கும் மான்செஸ்டர் கூலிக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

முதல் தேயிலையை நட்ட ஜேம்ஸ் டெய்லரை 1892ல் கம்பனி வேலையிலிருந்து விலகச் சொன்னது. அவர் அதே ஆண்டில் வயிற்றுளைவால் இறந்தார். துரையும் சம்பளக்காரரே என்பதைச் சொல்லிவைக்கிறேன், அனுதாபம் கேட்பதற்காக அல்ல.

இன்னொரு நுட்பமான விடயம் நாணயம். தேயிலை பவுணில் விற்றது, கூலி ரூபாவில் கொடுக்கப்பட்டது. ரூபா வெள்ளி நாணயம். 1870களில் ஏறத்தாழ இரண்டு சிலிங்காக இருந்த ரூபா, வெள்ளி விலை வீழ வீழ, நூற்றாண்டின் இறுதியில் ஒரு சிலிங் நாலு பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. கூலியில் ஒரு சதமும் குறைக்காமலே தோட்டத்துக்குக் கூலிச் செலவு குறைந்தது. லயத்தில் இருந்தவனுக்குத் தன்னிடமிருந்து ஏதோ போயிற்று என்று தெரிய வழியே இல்லை.

இனி அறிஞர்கள் சண்டைக்கு வருவோம். மொரிஸ் டொப் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1946ல், நிலப்பிரபுத்துவம் உள்ளிருந்தே இற்று, நிலவுடைமையாளனுக்கும் குடியானவனுக்குமான மோதலில் முதலாளித்துவம் பிறந்தது என்றார். போல் ஸ்வீசி என்ற அமெரிக்கர் 1950ல் அதை மறுத்து, வெளியிலிருந்து வந்த வணிகம்தான் பழைய அமைப்பை அரித்தது என்றார். 1944லேயே டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ், கரீபிய அடிமைகளின் உழைப்பு பிரிட்டனின் தொழிற்புரட்சிக்குப் பணம் தந்தது என்று எழுதியிருந்தார். 1999ல் எலன் மெய்க்சின்ஸ் வூட், ஆங்கிலேய விவசாயத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்று மீண்டும் வாதிட்டார். நம் நாட்டவரான எஸ். பி. டி. டி சில்வா 1982ல் வெளியிட்ட பெருநூலில் ஒரு துணிச்சலான நிலைப்பாட்டை எடுத்தார். தோட்டங்கள் நவீன முதலாளித்துவத் துறை, கிராமம் பழமைத் துறை என்று எல்லோரும் சொல்லிவந்தபோது, தோட்டமே பிற்போக்கானது என்றார். அதை ஆண்டது வணிக மூலதனம், முகவர் நிறுவனங்கள். உழைப்பு சுதந்திரமானதாக இல்லை. ஆள் மலிவு என்பதால் வயல் வேலையில் தொழில்நுட்பம் வளரவேயில்லை. இலாபமோ வெளியே போனது.

இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஸ்டோரில் நீராவி இயந்திரம் வந்தபின்னும் மலையில் கொழுந்து விரலால்தான் பறிக்கப்பட்டது. ஆனால் ஒரு இடத்தில் நான் அவரோடு நிற்கவில்லை. பிற்போக்கான உழைப்பு முறை என்பதால் அது முதலாளித்துவத்துக்கு வெளியே நின்றது என்று நினைக்கத் தோன்றவில்லை. லங்காஷயரின் புத்தம் புதிய ஆலைகள் அமெரிக்க அடிமைகள் பறித்த பஞ்சில் ஓடின. லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் விலை நிமிடத்துக்கு நிமிடம் நவீனமாகத் தீர்மானிக்கப்பட்டது, அந்தப் பெட்டிக்குள் இருந்த இலை துண்டினால் கட்டுண்ட கைகளால் பறிக்கப்பட்டது. இவ்விரண்டையும் வெவ்வேறு காலங்கள் என்று பிரித்தால் கணக்கேட்டின் பற்றுப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வரவுப் பக்கத்தை மட்டும் படிப்பது போலாகும்.

துண்டு எப்படி ஒழிந்தது? 1921ன் 43ஆம் இலக்கச் சட்டத்தினால். அதே ஆண்டில் 1865ன் சட்டத்திலிருந்த தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. பொன்னம்பலம் அருணாசலம் 1919ல் அமைத்த தொழிலாளர் நலச் சங்கம் இதற்காக வாதாடியது, இந்திய அரசின் நெருக்குதலும் இருந்தது. ஆனால் முற்பணம் மலைபோல் ஏறி, ஒரு துரையின் ஆட்களை இன்னொரு துரை கொத்திக்கொண்டு போகும் நிலையில், துரைமாருக்கே துண்டு தொல்லையாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். 1927ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமாயிற்று. 1930களின் மந்தத்தில் அதுவும் குறைந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வர 1984 ஆகியது.

கோ. நடேசய்யர் 1931ல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத்து மக்களிடம் பாட்டாலேயே அரசியல் பேசினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1948ல் குடியுரிமை பறிபோயிற்று, அடுத்த ஆண்டு வாக்குரிமையும். காணியை இழந்த கண்டிக் கிராமத்தவனின் நியாயமான மனக்குறை, காணியை எடுத்தவன் கப்பலேறிப் போனபின், ஓர் அங்குலம் காணியும் இல்லாத லயத்துக்காரன் மேல் திருப்பிவிடப்பட்டது. என்னுடைய கணிப்பில் இந்த நூற்றைம்பது ஆண்டுக் கதையின் மிகப் பெரிய மோசடி அதுதான், துண்டைவிட மோசமானது. 1964 உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992ல் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குப் போயின. 2021ல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது, அதற்காகப் பல ஆண்டுகள் கூச்சல் போட வேண்டியிருந்தது. லயம் அதே இடத்தில் நின்றது.

இனி நேயரின் கேள்வி. மருதியின் கதை அச்சான 1935ல் துண்டு இல்லை. ஆட்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, அரசாங்க வைத்தியர் பார்த்து, தலைமன்னார் வழியாக ரயிலில் வந்தார்கள். 1939ல் இந்திய அரசு அந்தப் பயணத்தையே தடை செய்தது. ஆனால் மருதியின் பாட்டி வயதுள்ளவர்கள் துண்டின் காலத்தில் வந்தவர்கள். அவர்களுடைய பெயரைத் தேடி இன்று பலர் பழைய தோட்ட 'செக்ரோல்'களைப் புரட்டுகிறார்கள். கிடைத்தவர் சிலரே. துண்டில் பெயரே இருந்திருக்காது. கங்காணியின் பெயர், ஆட்களின் தொகை, ரூபாவின் தொகை, துரையின் கையொப்பம், திகதி. அட்டன் நேயருக்கு நான் எழுதிய கடிதத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். கங்காணி என்ற பதிலையும் வெட்டவில்லை. அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய பெயர்களைச் சேர்த்ததில் கடிதம்தான் நீண்டுவிட்டது.